மாணவர்களுக்கு வீடு விடலாமா?

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)

இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள், 'திருமணமாகாதவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஃப்ளாட்டை வாடகைக்கு விடக் கூடாது' என்ற தீர்மானம். அதை எதிர்த்துப் பேச எனக்குச் செயலாளர் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார். இந்தத் தீர்மானம் வரக் காரணமே பி பிளாக்கில் இருக்கும் என் ஃப்ளாட்தான். அதனால் என்னையே பேசச் சொன்னதில் கொஞ்சம் குறும்பும் இருக்கலாம். இருக்கட்டும்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஜூன் மாதம் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். "நாலு காலேஜ் பொண்ணுங்க சார், நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க, நான் பொறுப்பு" என்றார். நம் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் அப்போது 12,000 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் 15,000 தருவதாகச் சொன்னார். மூன்று மாத வாடகையை, 45,000 ரூபாயை, அட்வான்ஸாகக் கையில் கொடுத்தார். முத்திரைத்தாளில் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டோம். அதில் அவர் பெயர் இருந்தது, என் பெயர் இருந்தது. குடியிருக்கப் போகிறவர்கள் ஒருவர் பெயரும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. 3,000 ரூபாய் கூடுதலாக வந்தால் மனுஷனுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது.

நாலு பேர் என்றது ஒன்பது பேர் ஆயிற்று. ஹாலில்கூடக் கட்டில். ஒவ்வொருவரிடமும் அவர் வாங்கியது மாதம் 4,500. ஒன்பது பேருக்கு 40,500. எனக்கு 15,000 கொடுத்தது போக மிச்சம் அவருக்கு. சாப்பாடு கிடையாது, பெண்கள் கையேந்தி பவனிலும் மெஸ்ஸிலும் சாப்பிட்டார்கள். செப்டம்பரில், காலை ஏழு மணிக்கே சம்ப் காலியாகிறது என்று புகார் வந்தது. அதற்குப் பிறகுதான் நான் கதவைத் தட்டிப் பார்த்தேன்.

அதன் பிறகு நாம் எல்லோரும் சேர்ந்து செய்தது எனக்குப் பெருமை தருவதாக இல்லை. ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம். அது நவம்பர், பெண்களுக்கு செமஸ்டர் பரீட்சை. அந்த ஆசாமி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு பெண்ணும் அவரிடம் இரண்டு மாத அட்வான்ஸ், 9,000 ரூபாய், கொடுத்திருந்தாள். ரசீது யாரிடமும் இல்லை. கடைசி நாள் இரவு எட்டு மணிக்கு லிஃப்ட் முன்னால் பெட்டிகளோடு அவர்கள் நின்றதை இங்கே பலர் பார்த்தீர்கள். அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை என்று அப்பாக்கள் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். முதல் மாடி மாமி மட்டும், "பெட்டியை இங்க வெச்சுட்டுப் போங்கோ, பரீட்சை முடிஞ்சு எடுத்துக்கலாம்" என்றார். மாமி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த அனுபவத்திலிருந்து சங்கம் எடுத்த முடிவு, மாணவர்களே வேண்டாம் என்பது. நான் எடுத்த முடிவு வேறு. அந்த ஃப்ளாட்டில் நடந்த தப்புக்கு மாணவிகள் காரணம் இல்லை. எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். யார் எத்தனை பேர் என்பது எழுத்தில் இல்லை. அதுதான் காரணம்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றுதான் குடிநீர்த் திட்டங்களுக்குக் கணக்குப் போடுகிறார்கள். ஒன்பது பேருக்கு 1,215 லிட்டர். நாலு பேருக்கு 540. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கும் அதே 540தான். வயசுப் பெண் என்பதால் சம்ப் காலியாகவில்லை, ஒன்பது பேர் என்பதால் காலியாயிற்று. மின்சாரமும் அப்படியே: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும், முதல் 100 இலவசம் போக மற்ற யூனிட்டுகளின் விலை ஏறும். அந்தப் பில்லையும் பெண்கள்தான் தலைக்கு இவ்வளவு என்று கட்டியிருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு ஃப்ளாட்டில் பன்னிரண்டு சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் நாம் யாரும் தலையை எண்ணுவதில்லை.

இந்தப் பிள்ளைகள் ஏன் நம் வாசலுக்கு வருகிறார்கள் என்று பார்க்கலாம். துவாக்குடியில் 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய இன்றைய என்.ஐ.டி., விடுதிகளோடு வளர்ந்த வளாகம். ஓபல், ஜேட், ஆகேட், கார்னெட் என்று விடுதிகளுக்கு ரத்தினங்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே படிக்கிறவன் ஸ்ரீரங்கத்தில் வீடு தேட மாட்டான். நகரத்துக்குள் இருக்கும் கலை, அறிவியல் கல்லூரிகள் அப்படி இல்லை. நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப், 1919இல் தொடங்கிய நேஷனல், 1923இன் ஹோலி கிராஸ், 1951இல் தொடங்கிய ஜமால் முகமதுவும் சீதாலட்சுமி ராமசாமியும், நமக்குப் பக்கத்திலேயே திருவானைக்கோவிலில் ஆண்டவன் கல்லூரி. பெரும்பாலும் டே ஸ்காலர்களை நம்பியே நடக்கும் கல்லூரிகள் இவை. லால்குடி, புள்ளம்பாடி, கல்லக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரயிலும் சீசன் டிக்கெட்டும் இருக்கின்றன. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் காலையில் நின்றால் தெரியும். அதற்கும் அப்பால் இருந்து வருகிறவர்களுக்குத்தான் தங்க இடம் வேண்டும்.

கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் ஆறு வருஷம் விடுதித் துணைக்காப்பாளராக இருந்தேன். ஜூன் மாதம் இடம் இல்லை என்று சொல்லி அனுப்புவதுதான் அந்த வேலையின் முக்கால் பங்கு. தகுதி உள்ள பிள்ளைகளை முதலில் அரசு விடுதிக்கு மனுப் போடச் சொல்வேன். 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்களே, அவை. தங்குவதும் சாப்பாடும் இலவசம். அதிலும் இடம் கிடைக்காதவர்கள், வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர்கள், இவர்கள்தான் புரோக்கரிடம் போவார்கள்.

அவர்கள் கணக்கு எப்படி ஓடுகிறது தெரியுமா? அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. அந்த ஆயிரத்தை வைத்துத்தான் கணக்கே ஆரம்பம். என் ஃப்ளாட்டை 12,000க்கு நாலு பேருக்கு நேராக விட்டால் தலைக்கு 3,000. மெயின்டனன்ஸ், கரண்ட், சிலிண்டர் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும், சமைத்துக்கொள்ள அடுப்படியும் கிடைக்கும். அந்த ஆசாமியிடம் 4,500 கொடுத்து அவர்களுக்குக் கிடைத்தது ஹாலில் ஒரு கட்டில். எனக்கு 3,000 குறைந்தால் அவர்களுக்குத் தலைக்கு 1,500 குறைகிறது. ஆளுக்கு இரண்டு மடங்கு இடம் வேறு. நடுவில் உள்ளவர் போனால் மிச்சமாவது இவ்வளவு.

பஸ்ஸை வைத்தும் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிச் சத்திரத்திலோ மத்தியப் பேருந்து நிலையத்திலோ இறங்க ஒரு மாணவிக்குச் செலவு பூஜ்யம். ஆகவே கல்லூரி வாசலில் 5,000 கேட்கும் கட்டிலைவிட ஸ்ரீரங்கத்தில் 3,000 ரூபாய் அறை அவளுக்குக் கட்டுப்படியாகிறது. பையனுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அவன் பைக் வாங்கித் தரச் சொல்லி அப்பாவை நச்சரிப்பான். 2022-23இல் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது நாமெல்லாம் சுற்றிக்கொண்டு போனோமே, அந்த மாதிரிச் சமயங்களைத் தவிர இங்கிருந்து கல்லூரி போவது பெரிய கஷ்டம் இல்லை.

மாணவனுக்கு ஒதுங்க இடம் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. வாரச் சாப்பாடு என்பதை இங்கே உள்ள பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழைப் பிள்ளைக்கு திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை ஒரு வீடு என்று ஏழு வீட்டில் சாப்பாடு. படுக்கத் திண்ணை. சுஜாதா இங்கே பாட்டி வீட்டில் இருந்துகொண்டு செயின்ட் ஜோசப்பில் படித்தவர். பாட்டி வீடு இல்லாதவர்கள்தான் இப்போது நம்மிடம் வருகிறார்கள்.

அதே கல்லூரியில் 1950இல் ராமேஸ்வரத்திலிருந்து வந்து சேர்ந்த அப்துல் கலாம் விடுதியில் தங்கினார். அறையில் அவரோடு இரண்டு பேர்: ஒருவர் ஆசாரமான ஸ்ரீரங்கத்து ஐயங்கார், இன்னொருவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். கலாமே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விடுதியின் சைவ மெஸ்ஸுக்கு அவர் செயலாளராகவும் இருந்திருக்கிறார். (இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கல்லூரிக்கு ஸ்ரீரங்கத்துக்காரர் எதற்கு விடுதியில் தங்கினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று அந்த மூன்று பேரும் சேர்ந்து நம் தெருவில் வீடு கேட்டு வந்தால் புரோக்கர் முதலில் கேட்பது எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்று இருக்காது. "சைவமா?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வி வேறு எதையோ கேட்கும் நாகரிகமான வழி என்று நம் எல்லோருக்கும் தெரியும். உங்கள் சமையலறையில் என்ன சமைக்கலாம் என்று நீங்கள் வாடகைக்கு வருகிறவரிடம் பேசிக்கொள்ளுங்கள், அது உங்கள் இருவர் விஷயம். சங்கம் அதற்குள் தலையிடக் கூடாது என்பது என் கருத்து. இதில் பலருக்கு உடன்பாடு இருக்காது, தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் நம் மாநிலத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எந்த வாடகையும் எழுத்து ஒப்பந்தத்தில்தான் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம், பதிவு எண் கொடுப்பார்கள். பதினோரு மாதம் போட்டால் எதையும் பதிய வேண்டாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பத்திரப்பதிவுச் சட்டத்துக்குச் சரி. இந்தச் சட்டத்துக்குப் பதினோரு மாதமும் வாடகைதான். நான் பதியவில்லை. இங்கே எத்தனை பேர் பதிந்திருக்கிறீர்கள் என்று கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன்.

வேறு ஏற்பாடு ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்தபின் பிடித்தம் போக ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்து, செப்டம்பரில் அந்த ஆசாமிமேல் நடவடிக்கை எடுத்திருந்தால், பெண்கள் நவம்பரில் லிஃப்ட் முன்னால் நின்றிருக்க மாட்டார்கள். இன்னொன்று: நவம்பர்க் கூட்டத்தில் ஒருவர், "வால்வை மூடிட்டா ரெண்டு நாள்ல கிளம்பிடுவாங்க" என்றார். பெயர் சொல்லவில்லை. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தானும் நிறுத்தக் கூடாது, வேறு ஆள் மூலமாகவும் நிறுத்தக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. நல்லவேளை, நாம் மூடவில்லை.

பெண்கள் விடுதிகளுக்கு 2014ஆம் வருஷத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு விடுதி நடத்துகிறவர் கலெக்டரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். என் ஃப்ளாட்டில் கட்டில் கட்டிலாகப் போட்டு நடத்தியது பெயர்ப்பலகை இல்லாத விடுதி. நான் நாலு மாணவிகளுக்கு நேராக வாடகைக்கு விடுவதை அதோடு சேர்க்க முடியாது. பொருளாளர் ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டிருந்தார். விடுதிக்கே, ஓர் ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள்ளும் தொடர்ந்து 90 நாளும் தங்கினால் 2024 ஜூலையிலிருந்து வரிவிலக்கு உண்டு. குடியிருக்க மாணவருக்கு விடும் வீட்டுக்கு அந்தக் கவலையே வேண்டாம். அடிமனைச் சிக்கல் உள்ள வீடுகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் முழுக்க வேண்டும்.

இனி தீர்மானத்துக்கு வருகிறேன். நம் துணைவிதியில் மாணவர்களுக்கு விடக் கூடாது என்று எந்த வரியும் இல்லை. வாட்ஸ்அப்பில் போட்ட செய்திதான் இருக்கிறது. அதைத் துணைவிதி ஆக்கினால் நடக்கப்போவது என்ன? ஃப்ளாட்டைப் பூட்டி வைக்க முடியாத உரிமையாளர், வெளியூரில் இருப்பவர், 'குடும்பம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு என்னைப்போலவே ஓர் ஆசாமியிடம் விடுவார். உள்ளே யார் என்று நமக்கு இன்னும் தெரியாது. தடை போட்டால் அந்த ஆசாமிக்குத்தான் வியாபாரம் கூடும்.

நான் முன்வைக்கும் மாற்று இது. ஒரு படுக்கையறைக்கு இரண்டு பேர், அதற்கு மேல் இல்லை. குடியிருக்கப் போகும் ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகளில் சிலருக்குப் பதினெட்டு நிரம்பியிருக்காது, அவர்கள் போடும் கையெழுத்துச் செல்லாது. ஆகையால் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு முறை வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனால் அவர்களுக்கும் நிம்மதி. பதிவு எண்ணின் நகல் சங்கத்தில் இருக்கட்டும். வாடகைதாரர் சரிபார்ப்புக்குக் காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அட்வான்ஸ் இரண்டு மாதம் போதும், வங்கி வழியாக, அவர்கள் பெயரிலேயே. நாலு பேருக்கு ஒரு கார் நிறுத்துமிடம்தான். அதில் எத்தனை வண்டி நிற்குமோ அத்தனைதான். ஒருத்தி நடுவில் படிப்பை விட்டுப் போனால் அவள் இடத்துக்கு வருகிறவள் பெயரையும் எழுத்தில் சேர்த்த பிறகுதான் சாவி.

ஒப்பந்தத்தை ஜூனில் தொடங்கி மே 31இல் முடியும்படி போடலாம். பதினோரு மாதம் என்று பழக்கத்தில் போட்டுவிட்டு, அது ஏப்ரலில் பரீட்சை நடுவே முடிந்து தகராறு ஆவதை நான் விடுதிக் காலத்திலேயே பார்த்திருக்கிறேன். (பதினோரு மாதத்தோடு நிறுத்துங்கள் என்று வக்கீல் சார் கண்ணைக் காட்டுகிறார். சரி, ஜூலையில் தொடங்கினால் பதினோரு மாதத்தில் மே வந்துவிடும்.) நவம்பரிலும் ஏப்ரலிலும், பரீட்சை சமயத்தில், யாரையும் காலி செய்யச் சொல்வதில்லை என்று சங்கம் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரவு பத்துக்கு மேல் சத்தம், மொட்டை மாடியில் போன் பேச்சு, இவையெல்லாம் வரும். வந்தால் முதலில் அந்தப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லுங்கள். நம் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிற மாதிரி சொன்னால் கேட்பார்கள். கேட்காவிட்டால் என் நம்பர் இருக்கிறது. குரூப்பில் போட்டோ போடுவது கடைசியாக இருக்கட்டும்.

என் ஃப்ளாட் நவம்பரிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அரியலூரிலிருந்து இரண்டு குடும்பங்கள் பார்க்க வருகின்றன. தீர்மானம் எப்படிப் போனாலும் அவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

கடைசியாக ஒரு பாக்கி. அந்த ஆசாமியின் 45,000 அட்வான்ஸ் என்னிடம் இருந்தது. ஒரு மாத வாடகை பாக்கி 15,000, குழாய், பெயிண்ட் என்று 8,000 போக 22,000 மிஞ்சியது. பெண்கள் பணத்தை என்னிடம் கொடுக்கவில்லை, அவரிடம்தான் கொடுத்தார்கள். ஆகவே நான் அவர்களுக்குத் தர வேண்டியதில்லை என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இன்றுவரை கேட்டு வரவில்லை. ஒன்பதாகப் பிரித்தால் தலைக்கு 2,444 ரூபாய். ஆறு பேர் நம்பரைத் தேடிப் பிடித்து சென்ற வாரம் அனுப்பிவிட்டேன். நாளைக்கு அவர் வந்து கேட்டால் அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். மூன்று பேரின் நம்பர் உபயோகத்தில் இல்லை; அவர்கள் பங்கு 7,332 ரூபாய் என்னிடம் இருக்கிறது. பெட்டியைத் திரும்ப எடுக்க வந்தபோது ஒரு பெண் முதல் மாடி மாமியிடம் புது நம்பர் கொடுத்துவிட்டுப் போனதாக வாட்ச்மேன் சொன்னார். மாமி, கூட்டம் முடிந்ததும் உங்கள் டைரியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.